வெளிநாடு கிளம்புமுன் வீட்டு போனைச் சரிசெய்யுங்கள்: காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு

துபாயில் மூன்று வருஷம் இருந்தேன். இப்போது சிங்கப்பூரில் ஐந்தாவது வருஷம். முதல் தடவை கிளம்பியபோது அம்மா சுட்டுக் கொடுத்த தேன்குழலும் கைமுறுக்கும் நொறுங்காமல் இருக்கப் பெட்டியை மூன்று முறை பிரித்து அடுக்கினேன். போன் நம்பருக்கு ஐந்து நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. ஐந்தே மாதத்தில் நம்பர் போனது, அதோடு பேங்க் ஓடிபியும் போனது. ஒரு நல்லது கெட்டதுக்கு வீட்டிலிருந்து என்னைப் பிடிக்க முடியாத நிலையும் வந்தது. லீவில் வந்த இருபத்தொரு நாளில் நாலு நாள் பேங்க் வாசலிலேயே கழிந்தது.

அதனால் இதை எழுதுகிறேன். இதில் உள்ள வேலைகளில் முக்கால்வாசி ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செலவு இரட்டிப்பாகும், சில வேலைகள் நடக்கவே நடக்காது. கிளம்பும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

1. இந்திய நம்பரை உயிரோடு வையுங்கள்

ஆதார், பேங்க், யூபிஐ, வருமான வரி, சமையல் கேஸ் பதிவு எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு பிரீபெய்டு நம்பரில் அழைப்பு, மெசேஜ், டேட்டா எதுவுமே 90 நாளுக்கு இல்லை என்றால் நிறுவனம் அதை நிறுத்திவிடலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் தர வேண்டும் என்பது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. இதைக் கேட்டுவிட்டு 'அப்போ மூணு மாசத்துக்கு ஒருதரம் பாத்துக்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். நம்பர் உயிரோடு இருப்பது வேறு, அதற்கு ஓடிபி வருவது வேறு. பேக் முடிந்தபின் உள்ளே வரும் மெசேஜ் நின்றுபோகலாம்.

செய்ய வேண்டியது இது. டேட்டா இல்லாத, பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள ஒரு வருஷ ரீசார்ஜ் இப்போது கிடைக்கிறது. 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு வந்தது. நான் போட்டது 1,849 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் 155 ரூபாய்கூட ஆகவில்லை. அப்புறம், சர்வதேச ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே திறந்துவிடுங்கள். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை. ஆனால் அழைப்பை எடுத்தால் காசு, டேட்டா ஓடினால் பெரிய காசு. டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

உங்கள் போனில் இ-சிம் (தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) வசதி இருந்தால் இந்திய நம்பரை இ-சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள். சிம் இடுக்கு அந்த நாட்டு சிம்முக்குக் காலியாக இருக்கும். கிளம்புகிற நாளில் இதைத் தொடாதீர்கள். மாற்றும்போது பழைய சிம் செத்துப் புதியது உயிர் பெற நேரம் எடுக்கும். இடையில் சிக்கினால் கடைக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

என் நம்பர் போனபின் நிறுவனம் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. அந்த ஆள் வாட்ஸ்அப் போட்டதும் நான் எல்லாக் குழுவிலிருந்தும் வெளியே விழுந்தேன். எங்கள் பங்காளிகள் குழுவில் இரண்டு நாள் ஒரு வடநாட்டுக்காரர் எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாராம். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணை (PIN) இன்றைக்கே போடுங்கள்.

2. பேங்க், ஆதார், மற்ற காகிதங்கள்

வேலைக்காக வெளிநாடு போனபின் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் சுருக்கமாக: என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் தடையில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். என்ஆர்ஓ வட்டிக்கு வரி உண்டு, அதையும் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

கேட்கும் காகிதங்கள்: பாஸ்போர்ட், விசா அல்லது வேலை அனுமதி நகல், பான், வெளிநாட்டு முகவரிச் சான்று, போட்டோ. இந்த முகவரிச் சான்றில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். கம்பெனி விடுதியில் தங்குகிறவர் பெயரில் கரண்ட் பில்லா வரும்? கம்பெனிக் கடிதத்தை ஏற்பார்களா, யார் கையெழுத்து வேண்டும் என்று உங்கள் கிளையில் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் 'பரவாயில்ல சார்' என்று சொன்னவர் நீங்கள் திரும்பி வரும்போது மாற்றலாகிப் போயிருப்பார்.

என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் போன்ற நாடுகளின் நம்பரிலேயே யூபிஐ வைத்துக்கொள்ளலாம். உங்கள் பேங்க் அதைத் தருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஆதாரில் இருக்கும் நம்பர் இப்போது கையில் இருக்கும் நம்பர்தானா? என் தம்பிக்குப் பள்ளிக்கூட நாளில் கொடுத்த சித்தப்பா நம்பர் இருந்தது. மையத்தில் போய் மாற்றினோம், அப்போது 50 ரூபாய். அம்மா, அப்பா ஆதாரையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று இருக்கும். அவர்கள் வளைகுடா போக அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி வேண்டும், கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், காப்பீடு 10 லட்சம். அந்தப் படிவத்தில் வாரிசின் போன் நம்பர் என்ற இடத்தில் உங்கள் நம்பரையே எழுதாதீர்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். உங்களுக்கு ஒன்று ஆகி அலுவலகம் கூப்பிட்டால் மணி உங்கள் சட்டைப்பையில்தான் அடிக்கும்.

ஊரில் நிலமோ வீட்டுப் பங்கோ இருந்தால் அப்பா பெயருக்கோ தம்பி பெயருக்கோ அதிகாரப் பத்திரத்தை (பவர்) இங்கேயே பதிவுசெய்துவிட்டுப் போங்கள். அங்கே எழுதினால் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும், ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதற்கு ஒருநாள் லீவு, ஒருநாள் சம்பளம்.

3. வீட்டுக்குள் சிக்னல்

எல்லாரும் தங்கள் போனைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். பேச வேண்டிய இன்னொரு போன் ஊரில் எங்கே வைத்துப் பேசப்படுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

நாங்கள் இருப்பது ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர்கள் மலேசியாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அப்பாதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். முகப்பில் தொடங்கினால் வளவு (நடு முற்றமுள்ள கட்டு), இரண்டாங்கட்டு, சமையல்கட்டு என்று அந்தத் தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரும் வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர் கையகலத்துக்கும் மேலே கனம். வெயிலையே உள்ளே விடாத சுவர், சிக்னலையா விடும்? அம்மா பேச வேண்டுமென்றால் போனைத் தூக்கிக்கொண்டு வளவு முற்றத்துக்கு வர வேண்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை.

ஃபைபர் இணைப்பு எடுத்து ரௌட்டரை முகப்பில் மாட்டினோம். பின்கட்டில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பலம் கூட்டும் கருவி என்று கடையில் கொடுத்ததை வாங்கிச் செருகினேன். அது கிடைக்காத சிக்னலை வாங்கிக் கிடைக்காத இடத்துக்கு அனுப்பியது. கடைசியில் சரியான வழி, வளவைச் சுற்றி ஓரமாக லேன் கேபிள் இழுத்துப் பின்கட்டில் இரண்டாவது ரௌட்டர் வைப்பது. அறுபது மீட்டர் கேபிள், ரௌட்டர், ஆள்கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். சுவரில் துளை போட வேண்டாம். கதவு நிலைக்கு மேலே காற்றுக்கு விட்ட இடைவெளி வழியாக இழுக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆணி அடிக்க வருகிறவரை அங்கேயே நிறுத்துங்கள்.

ரௌட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டாது. பெற்றோர் போனில் 2.4-ஐ மட்டும் சேர்த்துவையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற நாளுக்காக ரௌட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள்.

4. எதில் பேசுவது

சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தால் வாட்ஸ்அப்பே போதும், இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

அமீரகம் போகிறவர்கள் நிறுத்திப் படியுங்கள். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல்பதிவு அனுப்பலாம், படம் அனுப்பலாம். அழைப்பு மட்டும் போகாது. போட்டிம் போல அனுமதி பெற்ற செயலிகள் வழியாகத்தான் பேச வேண்டும். இரண்டு பக்கமும் அதே செயலி இருக்க வேண்டுமல்லவா? அம்மா போனில் நீங்கள் கிளம்புமுன் போட்டு, ஒரு தடவை பேசிப் பார்த்து, அந்தச் செயலியின் படத்தை முகப்புத் திரையில் முதல் வரிசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள். துபாயிலிருந்து போனில் 'பிளே ஸ்டோர தொறங்க, தேடுங்க' என்று சொல்லிக்கொடுத்து அம்மாவும் நானும் சண்டை போட்டதுதான் மிச்சம்.

விபிஎன் (இருக்கும் நாட்டை மறைத்து இணையத்தில் நுழையும் செயலி) போட்டால் எல்லாம் வரும் என்று அறையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். தடைசெய்ததைப் பார்க்கவோ பேசவோ விபிஎன் போட்டால் அமீரகச் சட்டத்தில் அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து தொடங்குகிறது. அந்த அறிவுரை சொல்கிறவர் உங்கள் அபராதத்தைக் கட்ட மாட்டார்.

பெற்றோர் போனில் இன்னும் இரண்டு வேலை. உங்கள் பெயரை உங்கள் முகத்தோடு சேமியுங்கள். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, இருந்தவரை என் படத்தைத் தொட்டுத்தான் கூப்பிடுவார். அப்புறம், தானாக டவுன்லோட் ஆவதை அணையுங்கள். மாமாமார் அனுப்பும் காலை வணக்கப் படங்களால் போன் நிறைந்துபோய் அழைப்பே வராமல் நின்ற வீடுகளை எனக்குத் தெரியும்.

5. எந்த நேரத்தில் பேசுவது

சிங்கப்பூர், மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. சவுதி, கத்தார், குவைத் இரண்டரை மணி நேரம் பின்னே. கணக்கு எல்லாருக்கும் தெரியும், வீட்டு நடப்போடு சேர்த்துப் பார்க்கத்தான் மறந்துவிடுகிறோம்.

துபாயில் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் ஊரில் பத்தரை. அம்மா தூக்கக் கலக்கத்தில் 'சாப்ட்டியா, சரிப்பா' என்று வைத்துவிடுவார். என்மேல் அவருக்கு அக்கறையே இல்லையோ என்று எனக்குத் தோன்றும். அங்கே இருந்த கடைசி வருஷம்தான் காலை ஆறு மணிக்கு வண்டி ஏறுமுன் பேச ஆரம்பித்தேன். ஊரில் ஏழரை, வாசல் தெளித்துக் கோலம் போட்டாகிவிட்டது, காப்பி கையில் இருக்கிறது. பேச்சு தானாக நீளும்.

சிங்கப்பூரில் இரவு எட்டரைக்குக் கூப்பிட்டால் ஊரில் ஆறு மணி, விளக்கு வைக்கும் நேரம். ஏழு மணியானால் சீரியல். அந்த நேரத்தில் போன் செய்து கவனம் கேட்காதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

தினமும் பேச வேண்டும் என்று சபதம் எடுப்பவர்கள் இரண்டாவது மாதத்திலேயே ஓய்ந்துவிடுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள், நேரம் மாறாமல் என்று வைத்துக்கொண்டால் நிற்கும். அப்பாவிடம் தனியாக ஒரு நாள் பேசுங்கள். நம்ம ஊர் அப்பாக்கள் 'இந்தா அம்மாட்ட பேசு' என்று போனை நீட்டிவிடுவார்கள். என் அப்பாவிடம் நலம் விசாரித்தால் ஒரு வார்த்தை. வீட்டில் ஓடு மாற்றினார்களா, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் அரைமணி நேரம்.

நண்பர்களுக்கு வேறு வழி. பேச்சு குறைந்துபோகும், அது இயல்பு. குன்றக்குடி பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி என்று ஊர் கூடும் நாளில் ஒருவனிடம் சொல்லிவைத்து இரண்டு நிமிஷம் நேரலையில் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கார ஆச்சி மலேசியாவிலிருந்து பிள்ளையார் நோன்பு அன்று இப்படித்தான் சேர்ந்துகொள்வார். இங்கே உறவுக்காரர்கள் இழை எடுக்கும் (மாவில் வைத்த திரியைச் சுடரோடு வாயில் இட்டுக்கொள்ளும் நோன்புச் சடங்கு) நேரத்தில் அங்கே அவரும் எடுப்பார். அப்பாவுடைய வேலை போனை ஆடாமல் பிடிப்பது.

6. பணம் அனுப்புவது

கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், மாற்று விகிதத்தில் எடுத்துவிடுவார்கள். ஒரே கேள்விதான்: இந்த நிமிஷம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினால் ஊரில் எத்தனை ரூபாய் விழும்? மூன்று இடத்தில் கேட்டு எழுதிப் பாருங்கள். சிங்கப்பூரில் உடனடிப் பணம் அனுப்பும் முறையான பேநவ்வும் நம் யூபிஐயும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டன. இரண்டு பக்கமும் பேங்க் அதில் சேர்ந்திருந்தால் உடனே போகிறது.

உண்டியலில் (ஹவாலா) அனுப்பாதீர்கள். ரூபாய்க்கு இரண்டு பைசா கூடக் கிடைக்கும், வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அது சட்டவிரோதம். பணம் வராவிட்டால் புகார் கொடுக்கவும் முடியாது, நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்டால் வருமானத்துக்குக் கணக்கும் இராது.

இன்னொன்று, வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். 'உங்க மகன் துபாய்ல மாட்டிக்கிட்டான், உடனே பணம் போடுங்க' என்று அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அது செத்துப்போன ஒரு மாட்டின் பெயர். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும் என்று அடுப்படிச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம்.

7. பெட்டியும் பார்சலும்

சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாம் தாராளமாகப் போகும். பிரச்சினை மசாலாவில் இருக்கிறது. கறிமசாலாவிலும் குருமாப் பொடியிலும் கசகசா சேர்த்து அரைப்பது நம்ம வீட்டு வழக்கம். அமீரகத்திலும் சவுதியிலும் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும், சிறைவரை போகும். சிங்கப்பூருக்கும் கொண்டுபோகக் கூடாது. 'கொஞ்சந்தானே போட்டேன்' என்பது விமான நிலையத்தில் எடுபடாது. பொடி அரைக்கும்போதே பக்கத்தில் நில்லுங்கள். வெற்றிலையும் அமீரகத்தில் ஆகாது. கொப்பரைத் தேங்காயை விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்பதால். சில வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் முன் அனுமதி வேண்டும், மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும்.

அடுத்தவர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், அத்தை மகனே கொடுத்தாலும்.

8. கேதச் செய்தி

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் இதுதான் முக்கியம். 2018 ஐப்பசியில் அப்பத்தா இறந்தார். அப்பா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருக்கிறார், துபாயில் அது போகாது என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு நினைவில்லை. வேலை இடத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். நான் செய்தி கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பின் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. கம்பெனி சூப்பர்வைசர் நம்பர், அறைத்தோழர்கள் இருவர் நம்பர், சாதாரண அழைப்பாக அடிக்க நாட்டுக் குறியீட்டோடு பெரிய எழுத்தில் ஒரு அட்டையில். அட்டை சாமி அறையில். அப்பாவின் சிம்மில் வெளிநாட்டு அழைப்பு திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை அடித்தே பார்த்தோம். என் பக்கம் பாஸ்போர்ட் நகலும், ஒரு டிக்கெட்டுக்கான பணமும் தனியாக, தொடாமல்.

அடுத்தது கஷ்டமான பேச்சு. எனக்காகக் காத்திருக்க வேண்டுமா, எத்தனை மணி நேரம், ஐஸ் பெட்டி எங்கே கிடைக்கும், நான் வர முடியாவிட்டால் யார் கொள்ளி வைப்பது? உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் நாலு மணி நேரம், அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். லீவும் டிக்கெட்டும் கிடைத்தால் மறுநாளைக்குள் வந்துவிடலாம். அப்பா யோசித்துவிட்டு, 'ஒரு பொழுது பாப்போம், அதுக்கு மேல வச்சிருக்க வேணாம்ப்பா' என்றார். அவருடைய சொந்தக் காரியத்தைப் பற்றித்தான் சொன்னார்.

9. கிளம்பும் வாரம்

ரீசார்ஜ், ரோமிங், இ-சிம் ஏழு நாள் முன்பே. பேங்க் வேலை பத்து நாள் முன்பே. வைஃபை ஆளை மூன்று வாரம் முன்பே கூப்பிடுங்கள், 'நாளைக்கு வாரேண்ணே' என்பதில் முதல் வாரம் போய்விடும். கடைசி நாள் அம்மாவை முகப்பில் உட்காரவைத்து, நீங்கள் பின்கட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, அவரே எடுத்துப் பேசி அவரே வைக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் கைகொடுக்கக் கூடாது.

திருச்சி போகும் வழியில் யாராவது உங்கள் இந்திய நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பட்டும். ரோமிங் திறந்ததற்கான மெசேஜும் வந்திருக்கிறதா என்று புதுக்கோட்டை தாண்டுவதற்குள் பார்த்துவிடுங்கள். வராவிட்டால் கஸ்டமர் கேருக்கு அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருக்கும்.